இறுகிப்போன கியர் லீவர்: பழைய டோசரில் கோளாறு எங்கே?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் பாலாற்றை ஒட்டிய நிலங்களுக்கு டோசர் வருவது பெரும்பாலும் மூன்று வேலைகளுக்காகத்தான். வேலிக்காத்தான் மண்டிய தரிசைத் திருத்துவது, மேடுபள்ளத்தைச் சமன் செய்வது, வரப்பும் வடிகாலும் அமைப்பது. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுநீரால் உப்பேறிய நிலங்களில் இந்த வேலைகளின் அருமை இன்னும் அதிகம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது அத்தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது.

உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். நிலம் சமமாக இல்லாவிட்டால் நீர் பள்ளத்தில் நிற்கும், உப்பு மேட்டில் தங்கும். மண் பரிசோதனையில் களர்த்தன்மை தெரிந்து ஜிப்சம் இடுவதானாலும் முதலில் நிலத்தைச் சமன் செய்தாக வேண்டும். ஆகவே டோசர் ஒழுங்காக ஓடுவது விவசாயியின் கைக்காசைப் பொறுத்த விஷயமாகிறது. வாடகை மணிக்கணக்கில் அல்லவா!

சமன் செய்யும்போது வண்டி மண்ணைத் தள்ளிக்கொண்டு முன்னே போகும், பிறகு பின்வாங்கும். ஒரு தடவை தள்ளித் திரும்ப ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரத்தில் ஓட்டுநர் 960 தடவை லீவரை மாற்றுகிறார். லீவர் இறுகியிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து விநாடி வீணானால், மொத்தம் 80 நிமிடம் போய்விடுகிறது. அந்த 80 நிமிடத்துக்கும் டீசல் எரிகிறது, வாடகையும் ஏறுகிறது. இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. நினைத்த நேரத்தில் நியூட்ரலுக்கு வராத வண்டி ஆளைக் கொல்லக்கூடியது.

பழைய வண்டிகள் பலவகை

சங்கிலித் தடத்தில் ஓடும் டிராக்டர்கள் நம் நாட்டு வேளாண்மைக்குப் பெரிய அளவில் வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். மத்திய இந்தியாவில் ‘காஸ்’ என்னும் ஆழவேர்ப் புல் பிடித்துக் கிடந்த நிலங்களை உழுது மீட்க டிராக்டர்கள் வாங்குவதற்காக 1949இல் உலக வங்கியிடம் கடன் பெறப்பட்டது. பின்னர் 1964இல் பெங்களூரில் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டு, டோசர்கள் உள்நாட்டிலேயே தயாராயின. இன்று தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு டோசர்களை வாடகைக்கு விடுகிறது. தனியாரிடமும் கைமாறிக் கைமாறி வந்த பழைய வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பழைய வண்டிகளில் இரு வகை உண்டு. ஒன்றில் மெயின் கிளட்சைக் கையால் விடுவித்து, லீவரால் கியர்களை நேரடியாக மாற்ற வேண்டும். மற்றதில் லீவர் ஒரு வால்வை மட்டும் நகர்த்தும், மாற்றும் வேலையை எண்ணெய் அழுத்தம் செய்துவிடும். லீவர் இறுகினால் இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்றே. லீவரையும் கியர் பெட்டியையும் இணைக்கும் கம்பிகளும் பின்களும்தான் அந்த இடம்.

கை வைக்கும் முன்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பிளேடைத் தரையில் இறக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து, பழுது பார்ப்பவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக்கைப் பூட்டி, சங்கிலியின் முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். தரையில் நின்றபடி லீவரை ஆட்டிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பச் சொல்வதும், சாவி இல்லாமல் ஸ்டார்ட்டர் முனைகளை ஸ்குரூ டிரைவரால் தொட்டுக் கிளப்புவதும் கூடவே கூடாது. வண்டி கியரில் இருந்தால் அடுத்த நொடியே நகரும்.

லீவருக்குக் குழாய் மாட்டி இழுக்கும் பழக்கமும் கெட்ட பழக்கம். அந்த இழுப்பில் வளைவது துருப்பிடித்த பின் அல்ல, பெட்டிக்குள் இருக்கும் ஃபோர்க்தான். நூறு ரூபாய் வேலையைப் பெட்டி இறக்கும் வேலையாக்குவது இதுவே.

கோளாறு எந்தப் பக்கம்?

எஞ்சின் நின்றிருக்கும்போது, கியர் பெட்டிக்குப் போகும் இணைப்புக் கம்பியின் பின்னை மட்டும் கழற்ற வேண்டும். இப்போது லீவரைத் தனியே அசைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு லீவரிலும் அதன் குமிழிலும் உள்ளது. லீவர் இலகுவாக ஆடினால், பெட்டிப் பக்கத்துக் கையைத் தனியே மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் பெட்டியைத் திறப்பவர்கள்தான் அதிகம். லீவர் நேராகப் பெட்டி மேலேயே அமர்ந்திருக்கும் வண்டிகளில் இப்படிப் பிரிக்க வழியில்லை. அவற்றில் லீவரின் குமிழ் மூடியிலிருந்து பார்வையைத் தொடங்க வேண்டும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது சில சமயம் ஒரு கியர் மட்டும் விழாது. பல்லும் பல்லும் முட்டி நிற்பதால் இப்படி ஆகும், இது கோளாறாகாது. மாறாக, நின்ற வண்டியில் இலகுவாக இருந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரத்து முரண்டு பிடித்தால் கிளட்சைச் சந்தேகிக்க வேண்டும். எல்லாக் கியரும் விழுந்து, ஒன்று மட்டும் எப்போதும் இறுகினால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது.

பின்களும் புஷ்களும்

இப்பகுதியில் அதிகம் தொல்லை தரக்கூடியது துருவே. உப்பேறிய மண் ஈரத்தை விடாது. தளத்தகட்டுக்கு அடியில் அப்பிய அந்த மண் மழைக்காலம் முழுதும் பின்களின் மேல் கிடந்தால், பின்னும் புஷ்ஷும் ஒன்றாகிப் பிடித்துக்கொள்ளும். நல்ல நிலத்தில் ஓடும் வண்டியைவிட இங்கே ஓடும் வண்டியை அடிக்கடி கழுவ வேண்டியிருப்பது இதனால்தான். கழுவுவதற்கு உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்தினால் கழுவியும் பயனில்லை.

முதலில் தளத்தகட்டைக் கழற்றி, மண்ணைக் கட்டையாலும் பிரஷ்ஷாலும் நீக்கி, டீசல் தோய்த்துத் துடைக்க வேண்டும். பிடித்துப்போன பின்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விட வேண்டும். மறுநாள் பித்தளைத் தண்டை வைத்து மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் வரும். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் பின்னின் முனை குடை போல் விரிந்து, வரவேண்டியதும் வராது. எண்ணெயும் சருகும் படிந்த இடத்தில் காஸ் விளக்கைக் காட்டிச் சூடேற்றுவது தீயை அழைப்பதாகும்.

வெளியே வந்த பின்னை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புஷ்ஷுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். விரலால் தள்ளினால் போகவும் வேண்டும், ஆட்டினால் லொடலொடக்கவும் கூடாது. தேய்ந்தவற்றை லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து கொள்ளலாம், செலவு அதிகமாகாது. கிரீஸ் நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றிவிட வேண்டும். நிப்பிள் இல்லாத திறந்த மூட்டுகளில் கிரீஸை அப்புவதைவிட அடிக்கடி இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதே மேல். திறந்த கிரீஸ் புழுதியை வாங்கி, சாணை போல இரும்பைத் தேய்க்கும்.

லீவரின் அடியில் உள்ள உறை கிழிந்திருந்தால் மழைநீர் நேரே குமிழுக்குள் இறங்கும். புதிய ரப்பர் உறை கிடைக்காவிட்டால் தோலில் தைத்துப் போடலாம். ஆம்பூரில் தோல் துண்டுக்கும் தைப்பவருக்குமா பஞ்சம்? எண்ணெய் ஊட்டிய தோலாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

கிளட்சும் பூட்டும்

கையால் இயக்கும் கிளட்சில், இணைக்கும்போது லீவர் ஓரிடத்தில் ‘டக்’கென்று தாண்டி அமர வேண்டும். அமராமல் வழுக்கினால் கிளட்ச் தளர்ந்துவிட்டது, இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தால் அதிகம் முடுக்கப்பட்டிருக்கிறது. விடுவித்த பிறகும் கிளட்ச் முழுதாக விடாமல் இழுத்தால் கியர் கரகரக்கும். பெட்டிக்குள் சுழலும் தண்டை நிறுத்துவதற்கென்று சிறு பிரேக் ஒன்று பல வண்டிகளில் உண்டு. அது தேய்ந்தாலும் இதே கதைதான். இவ்விரண்டின் அளவையும் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்தே வைக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது.

சில வண்டிகளில் கிளட்ச் இணைந்திருக்கும்போது கியர் மாறாதபடி தடுக்கும் பூட்டு ஒன்று இருக்கிறது. அதன் கம்பி நீளம் மாறிப்போனால், கிளட்சை விடுவித்தும் பூட்டு முழுதாக விலகாது. ஓட்டுநருக்கு லீவர் இறுகியது போலத்தான் தோன்றும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் தீர்ந்தது. பூட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அந்த வண்டி வேலையின் நடுவே கியரிலிருந்து நழுவும்.

பெட்டிக்குள்ளே கியரை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங்கை வெட்டிச் சிறிதாக்கினால் லீவர் இலகுவாகும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஜவ்வாது மலைச் சரிவில் அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் அவர்களே தயங்குவார்கள்.

பெட்டி எண்ணெயையும் பார்க்க வேண்டும். இரவு முழுதும் நின்ற வண்டியில் காலையில் அடி பிளக்கைச் சற்றே தளர்த்தினால், எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருந்தால் முதலில் அது வரும். எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அழுத்தத்தால் இயங்கும் வகையில் வால்வுதான் இறுகியது என்று சோதனையில் தெரிந்தால், நெம்பாமல் பட்டறைக்கு விட்டுவிடுவது நல்லது.

நியூட்ரல் நியூட்ரலாக இருக்கிறதா?

கம்பியைத் திரும்ப மாட்டும்போது லீவரும் பெட்டிப் பக்கத்துக் கையும் இரண்டும் நியூட்ரலில் நிற்க வேண்டும். அந்த நிலையில் பின் நெருக்காமல் துளைக்குள் போகும்படி கம்பி நீளத்தை வைக்க வேண்டும். பின்னை அடித்து ஏற்றினால் லீவர் நியூட்ரலைக் காட்டும்போது பெட்டி கியரில் இருக்கக்கூடும். ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போட வேண்டும், பழைய ஆணி, கட்டுக்கம்பி ஆகா. முதல் தடவை கிளப்பும்போது பிளேடு தரையில், பிரேக் பூட்டில், கிளட்ச் விடுபட்ட நிலையில் இருக்க, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் நிற்கலாகாது.

வாடகைக்கு எடுக்கும் விவசாயிகள் மணிக்கணக்குத் தொடங்கும் முன் ஓட்டுநரிடம் முன்னும் பின்னுமாக நாலு தடவை லீவரை மாற்றிக் காட்டச் சொல்லலாம். ஒரு கையால் மாறாவிட்டால், சரிசெய்த பிறகே நேரத்தைக் குறிக்க வேண்டும் என்று கேட்பது அவர்கள் உரிமை. துறை வண்டிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுக வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால் ஆம்பூர், வாணியம்பாடி விவசாயிகளுக்குத் திருப்பத்தூர் மாவட்டமும், வாலாஜா, ஆற்காடு விவசாயிகளுக்கு இராணிப்பேட்டை மாவட்டமும் உரியவை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலையை முடிக்க விரும்புவோர் ஆடியிலேயே பதிவு செய்துகொள்வது நல்லது.