இரத்தம் சொல்லும் செய்தி

முள் குத்திய இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்நான்கு அடையாளங்களையும் உரோமாபுரி அறிஞர் செல்சஸ் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். இதனை அழற்சி என்கிறோம். கிருமியோடு உடல் நடத்தும் போர் இது. ஆனால் உடலுக்குள்ளே, கண்ணுக்குப் புலப்படாமல் நடக்கும் அழற்சியை எவ்வாறு அறிவது?

நம் உயிரணுக்களின் உட்கருவில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. பள்ளி அலுவலகப் பதிவேட்டைப் போல இவை இடம் விட்டு நகர்வதில்லை. வேண்டிய பக்கம் மட்டும் படியெடுக்கப்பட்டு, சுற்றறிக்கையாக வகுப்புக்கு வருகிறதல்லவா? அந்தச் சுற்றறிக்கைதான் ஆர்.என்.ஏ. எந்தச் சுற்றறிக்கை எத்தனை வந்தது என்று எண்ணினால், வரப்போவது விளையாட்டு விழாவா, தேர்வா என்று சொல்லிவிடலாம். (தேர்வுக்குத்தான் அதிகம் வரும்!) விஞ்ஞானிகள் செய்வதும் இதுவே. ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும். ஆகையால் இரத்தத்தை எடுத்தவுடனே அதைக் காக்கும் திரவமுள்ள குழாயில் விடுகிறார்கள். பின்னர் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. துண்டுகளாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளை இயந்திரத்தால் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள். எது எந்த மரபணுவினுடையது என்று கணிப்பொறி பிரித்து எண்ணுகிறது.

இனி நம் புதுவைக்கு வருவோம். வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்றால் உடன் வசிப்போர் உடலிலும் கிருமி புகலாம். பெரும்பாலோரிடம் அது உறங்கியே கிடக்கும். சிலருக்கு மட்டும் நோயாக மாறும். யாருக்கு? ஜிப்மரும் அமெரிக்காவின் பாஸ்டன், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்து 2022-இல் வெளியான ஆய்வில், இத்தகைய வீட்டார் 50 பேரின் இரத்தம் படிக்கப்பட்டது. தோல் சோதனையில் அனைவருக்கும் முன்கை தடித்திருந்தது, அதுவும் அழற்சிதான். அவர்களுள் 18 பேர் மெலிந்தவர்கள். அதாவது, கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் 18.5-க்கும் குறைவு. 150 செ.மீ. உயரமானால் சுமார் 41½ கிலோவுக்குக் கீழே. இது வளர்ந்தவர்களின் கணக்கு, தோழியரே! நம் வயதுக்கு அட்டவணை வேறு.

மெலிந்தவர் உடலில் போரிட வலுவிராது, அழற்சியும் குறைவாகவே இருக்கும் என்றுதான் நாம் எண்ணுவோம். கண்டதோ நேர்மாறு. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் அவர்களிடமே மிகுதியாக வேலை செய்தன. பின்னாளில் காசநோய் வரக்கூடியவர்களைக் காட்டுவன என்று முந்தைய ஆய்வுகள் குறித்துவைத்த இரு மரபணுத் தொகுப்புகளும் அவர்களிடம் உயர்ந்திருந்தன. 50 பேர் சிறு தொகைதான். அபாயம் கூடியது என்பதும் நோய் வந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

அப்படியானால் உணவு கொடுத்தால் நோய் குறையுமா? இதை ஜார்க்கண்டில் செய்தே பார்த்தார்கள். காசநோயாளியின் வீட்டுப் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, 1½ கிலோ பருப்பு, சத்து மாத்திரைகள் வழங்கினார்கள். முடிவு 2023-இல் வெளியாயிற்று: நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த வீடுகளைவிட, இவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் கண்டோர் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவு.