உஷார்! கணையத்தில் தெரியும் கட்டியெல்லாம் புற்றுநோய் அல்ல

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி’ என்று இருக்கிறதா? பதறாதீர்கள். அதற்காக அசந்தும் இருந்துவிடாதீர்கள்!

தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்தது இது. அறுபதைத் தாண்டிய பெரியவர். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கண் மட்டும் நாளுக்கு நாள் மஞ்சளித்தது, உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்கேனில் கட்டி. ரத்தத்தில் சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீடு அதிகம். புற்றுநோய்தான் என்று வீடே முடிவுகட்டி, ரிப்போர்ட்டை அவர் கண்ணில் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டியது. ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாயிற்று.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர், பெரியவரின் தாடைக்கு அடியில் இரு பக்கமும் தொட்டுப் பார்த்தார். உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கியிருந்தன. ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப்பொருளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, எண்டோஸ்கோபி வழியாக ஊசி செலுத்திக் கட்டியிலிருந்து திசுவும் எடுத்தார்கள். புற்றுநோயே இல்லை! உடம்பின் எதிர்ப்புசக்தியே கணையத்தையும் அந்தச் சுரப்பிகளையும் தாக்கிய அழற்சி. ஸ்டீராய்டு மாத்திரையில் சில வாரங்களிலேயே வீக்கம் வடிந்தது.

தப்பித்தது எதிலிருந்து தெரியுமா? விப்பிள் ஆபரேஷன். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி எல்லாவற்றையும் வெட்டியெடுத்து, மிச்சத்தை இணைத்துத் தைப்பார்கள். சிலருக்கு அதன்பின் சர்க்கரை நோயும் வரும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது!

காசநோய்கூடக் கணையத்தில் கட்டி போலவே தெரியும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. நாள்பட்ட கணைய அழற்சியும் அப்படித்தான். சிஏ 19-9 ஏறினாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பித்தநாளம் அடைத்தாலே அது ஏறும்.

இன்னொரு பக்கமும் ஆபத்து இருக்கிறது. கண் மஞ்சள், வெளிறிய மலம், காரணமில்லாத எடைக்குறைவு, முதுகுக்குப் பரவும் வயிற்றுவலி, ஐம்பதுக்கு மேல் திடீர்ச் சர்க்கரை... இவற்றோடு கீழாநெல்லி குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் வீட்டில் இருக்காதீர்கள்! நிஜப் புற்றுநோயாக இருந்தால், ஆபரேஷன் செய்யக்கூடிய காலம் கைவிட்டுப் போய்விடும். ஐஜிஜி4 சில புற்றுநோயாளிகளுக்கும் கொஞ்சம் ஏறும். ஊசியில் அகப்படாத புற்றுநோயும் உண்டு. அதனால்தான் சந்தேகம் பலமாக இருந்தால், திசு முடிவு இல்லாமலே ஆபரேஷன் செய்யச் சொல்வார்கள். அது தவறல்ல. ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக வாங்கிச் சாப்பிடவே சாப்பிடாதீர்கள். உள்ளே காசநோய் இருந்தால் கொழுந்துவிட்டு எரியும்.

கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: “இது அழற்சியாகவோ காசநோயாகவோ இருக்க வாய்ப்பு உண்டா? அதைப் பார்த்துவிட்டீர்களா?”