சோழர் முத்திரையில் கயலும் வில்லும்: வீரநாராயணன் ஏரிக்கரைச் சான்றுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

ஐரோப்பியச் சிற்றூர்கள் பலவற்றிற்குத் தனித்தனிக் கேடயச் சின்னங்கள் உள்ளன. தமிழக ஊர்களுக்கு அத்தகைய மரபு இல்லை. இங்குச் சின்னம் வேந்தர்க்கு உரியது. சோழரின் செப்பேட்டு முத்திரையில் புலியுடன் பாண்டியரின் கயலும் சேரரின் வில்லும் இடம்பெறுகின்றன. இதனை மூவேந்தர் ஒற்றுமையின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் மேடைகளில் பெருகியுள்ளது. அக்கருத்து முத்திரைக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

முத்திரையின் அமைப்பு

10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தமசோழனின் செப்பேடு, இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு, ஆனைமங்கலக் கொடையைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடு ஆகியவற்றில் ஏடுகளைக் கோத்த வளையத்தின் பொருத்துவாயில் வட்ட முத்திரை அமைந்துள்ளது. நடுவே அமர்ந்த நிலையில் புலி, அதன் முன் நிமிர்ந்து நிற்கும் இரு கயல்கள், கீழே வில், மேலே வெண்கொற்றக்குடையும் சாமரைகளும், இருபுறமும் விளக்குகள். குடை ஒன்றே என்பது கருதத்தக்கது. மூன்று அரசுகளின் இலச்சினைகள் ஒரே குடையின்கீழ் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரிதாக அமர்ந்திருப்பது புலியே. திருவாலங்காட்டு முத்திரையின் விளிம்பிலுள்ள வடமொழி வாசகம், இராசேந்திரனின் ஆணை அரசர்களின் மணிமுடிகள்மீது விளங்குவதாகக் கூறுகிறது. இவ்வாசகத்தை வைத்துக்கொண்டு உருவங்களை நட்பின் சின்னமாகக் காண்பது அரிது.

நட்பின் சின்னமாகக் காண இடமளிக்கும் சான்று வேறிடத்தில் உண்டு. புறநானூற்றின் 58-ஆம் பாடலில் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார், ஒருங்கிருந்த சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனையும் பாண்டியன் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியையும் நோக்கி, பிறர் நாட்டுக் குன்றுகளில் புலியும் கெண்டையும் சேர்த்துப் பொறிக்கப்படுக என வாழ்த்துகிறார். அங்கு இரு வேந்தரும் நிகரானவர். பொறிக்கப்படும் மலையோ மூன்றாமவருடையது. செப்பேட்டு முத்திரையில் அந்நிகர்மை இல்லை. ஒரே உருவச் சேர்க்கை, ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு இடைவெளியில், எதிர்ப்பொருள் பெற்றுவிட்டது எனலாம்.

புலி தொடக்கத்திலேயே ஆட்சி நடைமுறைக்குரிய குறியாகவும் இருந்தது. பூம்புகார்ச் சுங்கத்தில் பண்டப் பொதிகள்மீது புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சங்ககாலச் சோழரின் சதுரச் செப்புக்காசுகளின் ஒருபுறம் யானையும் மறுபுறம் புலியும் உள்ளன. கயலும் வில்லும் அங்கில்லை. அவை வந்து சேர்ந்த காலத்தை அறிய வீராணம் ஏரிக்கரைக்கு வரவேண்டும்.

ஏரிக்கரைச் சான்றுகள்

லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாக உபரிநீரை வெளியேற்றும் வீராணம், முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்னும் பெயரைத் தாங்கிய ஏரி. அவன் ‘மதுரை கொண்ட’ என்றும், பின்னர் ‘மதுரையும் ஈழமும் கொண்ட’ என்றும் பட்டம் பூண்டவன். கயல் சோழருக்கு வெற்றிப்பொருளாக மாறிய சூழல் இதுவே.

அடுத்த தலைமுறைகளின் பகையை அருகிலுள்ள காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு காட்டுகிறது. முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு வந்த அரசாணையைக் கூறும் அக்கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் உடைமைகளைப் பறிமுதல் செய்வது பற்றியது. கொலையுண்டவன் அதில் ‘பாண்டியன் தலைகொண்ட’ என்னும் அடைமொழியுடன் சுட்டப்படுகிறான். துரோகிகளுள் ஒருவனான இரவிதாசனுக்கோ ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்னும் பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் பெயர். இப்பெயரை மட்டும் கொண்டு அவன் பாண்டியர் ஆள் எனத் துணிவது மிகை. சோழ அதிகாரிகள் அரசர் வென்ற நாடுகளின் பெயரையும் பட்டமாகப் பெற்றனர். தோற்றவரின் பெயரும் இலச்சினையும் வென்றவனின் அணிகலனாயின என்பதையே இப்பட்டமும் முத்திரைக் கயலும் ஒருங்கே உணர்த்துகின்றன என்பது என் கருத்து. சபையார் கையில் வந்த ஓலையின் இலச்சினையைக் கல்லில் காண இயலாது. சொற்கள் மட்டுமே எஞ்சியுள்ளன.

பிறர் சின்னத்தைத் தம் சின்னத்துள் அடக்குவது சோழர்க்கே உரியதன்று. இங்கிலாந்து மன்னர்கள் பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரி 1340 முதல் தம் கேடயத்தில் பிரான்சின் லில்லி மலரைப் பொறித்தனர். பிரெஞ்சு மண் கைவிட்டுப் போன பின்னும் 1801 வரை அது நீங்கவில்லை. சோழர் முத்திரையிலும் வில்லும் கயலும் அவ்வப்போதைய ஆட்சிப்பரப்பின் வரைபடம் அல்ல, உரிமைக் கோரிக்கை.

அக்கோரிக்கையைப் பாண்டியர் அதே மொழியில் மறுத்தனர். 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் மெய்க்கீர்த்திகளில் புலியின் ஆணை அகல்கிறது. மேருவில் கயல் விளையாடுகிறது.