1956: ஒரு திருப்புமுனையும் அதன் முரண்பாடுகளும்

இலங்கையின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் 1956ஆம் ஆண்டினைத் திருப்புமுனை எனக் கொள்வதில் உடன்படுவர். ஆயின் அது எதனை நோக்கிய திருப்பம் என்ற வினா எழுந்ததும் இரு சாராராகப் பிரிந்துவிடுவர். சிங்கள மக்கள் பலருக்கு அது சாமானிய மனிதனின் யுகம் தொடங்கிய ஆண்டு. தமிழ் மக்கள் பெரும்பாலாருக்கோ உரிமையிழப்புத் தொடர்ந்து வலுப்பெற்ற ஆண்டு. இவற்றுள் ஒன்றை ஏற்று மற்றையதை மறுப்பது எளிது. இரண்டும் ஒரே சமூக இயக்கத்தின் விளைவுகளாக அமைந்தமை எவ்வாறு என்பதையே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம்.

1948இல் ஆட்சி கைமாறியபோது பொருளாதாரத்தின் அடித்தளம் மாறவில்லை. தேயிலை, றப்பர், தெங்கு ஆகிய ஏற்றுமதிப் பயிர்களிலேயே நாடு தங்கியிருந்தது. நிர்வாகம் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. அம்மொழி அறிந்தோர் சனத்தொகையில் மிகச் சிறு பகுதியினர். புதிய ஆட்சியாளர் 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்களால் மலையகத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கினர். அதன் தொடர்ச்சியாக அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. இலங்கைத் தொழிலாளி வர்க்கத்தின் மிகப் பெரிய பகுதி தேர்தல் அரசியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது என்பதே இதன் பொருளாகும். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது.

1953இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ற் 12ஆம் திகதி இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தால் நாட்டை உலுக்கிற்று. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். எனினும் அவ்வெழுச்சியின் அரசியற் பயனை அறுவடை செய்தோர் இடதுசாரிகளல்லர். 1956 ஏப்ரிலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா தலைமையிலான மக்கள் ஐக்கிய முன்னணி 95 தொகுதிகளுள் 51ஐக் கைப்பற்றியது. ஆளுங்கட்சியாயிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டு இடங்களே கிட்டின.

இவ்வெற்றியை ஈட்டித் தந்தோர் பிக்குகள், சுதேச வைத்தியர், சுயபாஷை ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்ற ஐம்பெருஞ் சக்திகள் எனப் பேசப்பட்டது. எனினும் இவ்வணியின் குரலாக ஒலித்தது கிராமப்புறக் குட்டி முதலாளித்துவமே. கைத்தொழில் வளராத நாட்டில் அவ்வகுப்பினரின் பிள்ளைகளுக்கு இருந்த ஏணி அரசாங்க உத்தியோகமாகும். அதன் வாயிலை ஆங்கிலம் அடைத்து நின்றது. அத்தடையை அகற்றக் கோரியமை நியாயமானது. சனநாயக உள்ளடக்கம் கொண்டது. சுயபாஷை என்ற கோரிக்கை முன்னர் சிங்களத்தையும் தமிழையும் ஒருசேரக் குறித்தது. 1951இல் தோன்றிய ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் தொடக்க நிலைப்பாடும் அதுவே. 1955இன் இறுதியில் அது 'சிங்களம் மட்டும்' எனச் சுருங்கிற்று. உற்பத்தியைப் பெருக்கி வேலைவாய்ப்பை விரிக்க இயலாத வர்க்கம், இருந்த உத்தியோகங்களைப் பங்கிடுவதற்கு மொழியைக் கருவியாக்கிக்கொண்டது.

யூன் 5ஆம் திகதி மசோதா சமர்ப்பிக்கப்பட்டபோது காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்திருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். கல்லோயாவில் வன்முறை உயிர்களைக் குடித்தது. மசோதா 56க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறியது. சமசமாஜக் கட்சியினரும் கம்யூனிஸ்ற் கட்சியினரும் அதனை எதிர்த்தே வாக்களித்தனர். சமத்துவத்தை மறுப்பின் நாடு துண்டாகும் என அன்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார்.

இதே ஆண்டிலேதான் சிங்களக் கலை இலக்கியம் புதிய உயரங்களை எட்டியது. மாட்டின் விக்கிரமசிங்கவின் 'விராகய' நாவல் வெளிவந்தது. நவம்பரில் சரச்சந்திரவின் 'மனமே' அரங்கேறியது. டிசம்பரில் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' திரைக்கு வந்தது. 'மனமே' தழுவிய நாடகம மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது என்பது குறிப்பிடத்தக்கது. அதன் வெற்றியால் உந்தப்பட்டே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றை மேடையேற்றினார். அரசியல் பிரித்துவைத்த இரு மக்களை அரங்கு ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கச் செய்தது.

பண்டாரநாயக்கா அரசாங்கத்தின் பிற நடவடிக்கைகளையும் நாம் மறத்தலாகாது. 1957இல் பிரித்தானியத் தளங்கள் மீட்கப்பட்டன. 1958இல் பஸ் சேவை தேசியமயமாயிற்று. பிலிப் குணவர்தனவின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளிக்க முனைந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம், தேநீர்க் கடையிலும் கோயில் வாசலிலும் தடுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சட்டபூர்வமான ஓர் ஆயுதத்தை வழங்கிற்று. மொழியுரிமைக்காகக் குரல்கொடுத்த தமிழருட் பலர் இச்சட்டத்தைச் செயற்படுத்துவதில் அதே ஊக்கத்தைக் காட்டவில்லை என்பதை நாம் நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆயினும் கணக்கின் மறுபக்கம் கனமானது. 1957 யூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரிலிற் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது. 1959இல் பிரதமரே ஒரு பிக்குவின் துப்பாக்கிக்கு இரையானார். மொழிச் சமத்துவத்திற்காக நின்ற சமசமாஜக் கட்சி 1964இல் கூட்டரசாங்கத்திற் புகுந்தது. சிங்களத்தை அரசகரும மொழியாக அரசியலமைப்பிலேயே பொறித்த 1972ஆம் ஆண்டின் யாப்பு, 1956இல் எச்சரித்த அதே கொல்வின் அவர்களின் கைவண்ணமாகும். தமிழும் அரசகரும மொழி என யாப்பு ஏற்றது 1987இல். அதற்குள் போர் தொடங்கிவிட்டிருந்தது.

இத்தவறினைத் தனிமனிதரின் பலவீனமாக மட்டும் கொள்ளின் நாம் எதனையும் கற்றவராகோம். வாக்குரிமையற்ற தோட்டத் தொழிலாளியைக் கைவிட்டுப் பாராளுமன்றப் பெரும்பான்மையைத் தேடிய எந்த இயக்கமும் பேரினவாதத்திற்கு விலை கொடுத்தே ஆகவேண்டியிருந்தது. 1956 சாமானிய மனிதனை அரங்கிற்கு அழைத்தது; ஆனால் அவனைச் சிங்களவனாகவும் தமிழனாகவும் பிரித்தே அழைத்தது. அப்பிரிவினை நிகழ்ந்த கணத்தில் முற்போக்காளர் எங்கு நின்றனர், எப்போது நகர்ந்தனர் என்பதைத் தயக்கமின்றி ஆராய்தல் இன்றும் நம் கடமையாகும்.