மைக்ரோவேவ் ஓவன்: எந்தப் பாத்திரம் வைக்கலாம்? எதை வைக்கக் கூடாது?



டவுனில் பெரிய வீடுகளில் மட்டும் இருந்த மைக்ரோவேவ் ஓவன் இப்போது நம் வீடுகளுக்கும் வரத் தொடங்கியிருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்புகிறான். கல்யாணச் சீரில் வருகிறது. பழையதை யாராவது பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். டவுனில் வீட்டு வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்களும், கேன்டீன் நடத்தும் குழுக்களும் தினமும் இதைத் தொட வேண்டியிருக்கிறது. பெட்டியோடு வரும் புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அது அப்படியே பரண் மேல் போய்விடுகிறது.

விறகு அடுப்பு, கேஸ் அடுப்பு எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனால் அந்தப் பழக்கமே இங்கே ஆபத்தாகலாம். காரணம், நம் சமையல்கட்டில் இருப்பது முக்கால்வாசி எவர்சில்வரும் அலுமினியமும்தான். ஓவனுக்கு ஆகவே ஆகாதது அவைதான். அதனால் ஓவன் வந்தால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது சமையலை அல்ல, பாத்திரத்தை.

ஓவன் எப்படிச் சூடாக்குகிறது?

1945-ல் அமெரிக்காவில் ரேடார் கருவி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த பெர்சி ஸ்பென்சர் என்பவர், கருவியின் பக்கத்தில் நின்றபோது தன் சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இந்த அடுப்பு. 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஓர் ஆள் உயரம் இருந்தது.

இதில் நெருப்பு இல்லை. ரேடியோ அலை மாதிரி ஒரு அலை உள்ளே உண்டாகிறது. அது உணவில் இருக்கும் தண்ணீரை வேகமாக அசைக்கிறது. குளிரில் உள்ளங்கையைத் தேய்த்தால் சூடு வருகிறது அல்லவா? அதுபோல அந்த அசைவில் சூடு பிறக்கிறது. இந்த அலை உணவுக்குள் ஓரிரு அங்குலம்தான் போகும். நடுப்பகுதிக்கு வெளிச்சூடு மெல்லப் பரவ வேண்டும். அதனால்தான் குழம்பு ஓரத்தில் கொதிக்கும், நடுவில் ஜில்லென்று இருக்கும். பாதியில் நிறுத்தி ஒருமுறை கிளறிவிட்டு மறுபடி வையுங்கள். எடுத்ததும் இரண்டு நிமிஷம் விட்டுவைத்தால் சூடு சீராகும்.

எவர்சில்வர் ஏன் ஆகாது?

இந்த அலை கண்ணாடியையும் பீங்கானையும் கடந்து போகும். உலோகத்தில் பட்டால் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பிவிடும். எவர்சில்வர் டப்பாவில் சாம்பாரை வைத்தால் அலை சாம்பாருக்குச் சரியாகப் போய்ச் சேராது. மூடி போட்டிருந்தால் உள்ளே போகவே போகாது. அதோடு கரண்டி முனை, டப்பாவின் விளிம்பு, கசங்கிய அலுமினியத் தாள் போன்றவற்றில் பொறி பறக்கும். தீப்பிடிக்கலாம், ஓவனும் கெட்டுப்போகலாம்.

‘ஓவனின் உள்சுவரே தகரம்தானே?’ என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அலை வெளியே போகாமல் உள்ளேயே திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் சுவரைத் தகரத்தில் செய்கிறார்கள். கதவுக் கண்ணாடியில் தெரியும் கம்பி வலையும் அதற்குத்தான். சல்லடையில் மாவு இறங்கும், தவிடு நிற்கும். அதுபோல அந்த வலையில் வெளிச்சம் வெளியே வரும், அலை வராது.

வைக்கக் கூடாதவை

* எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, செம்பு, இரும்பு. கரண்டி, ஸ்பூன் உள்பட.
* தங்கக் கோடு, வெள்ளிக் கோடு போட்ட பீங்கான் தட்டும் கப்பும். அந்தக் கோடு உலோகம், பொறி வரும்.
* மெலமைன் தட்டு. பார்க்கப் பீங்கான் மாதிரி இருக்கும், தட்டினால் பிளாஸ்டிக் சத்தம் வரும். இதுவே சூடாகி விரிசல் விடும்.
* ஐஸ்கிரீம் டப்பா, தயிர் டப்பா, தண்ணீர் பாட்டில், கேரி பேக். இவை இளகிவிடும், பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம் சாப்பாட்டில் இறங்கும்.
* சாதாரணக் கண்ணாடி டம்ளர், ஊறுகாய் பாட்டில். சூட்டில் வெடிக்கலாம்.
* மண்சட்டி. ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்தால் சட்டியே கொதிசூடாகிக் கையைச் சுடும், விரிசலும் விடலாம்.
* செய்தித்தாள். தீப்பிடிக்கும், மையும் ஒட்டும்.

வைக்கக் கூடியவை

* வெப்பம் தாங்கும் கண்ணாடிப் பாத்திரம். ‘ஓவனில் வைக்கிற கண்ணாடி’ என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.
* கோடு போடாத, விரிசல் இல்லாத பீங்கான்.
* ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று அச்சிட்ட பிளாஸ்டிக். சில டப்பாக்களின் அடியில் அலை அலையாக மூன்று கோடு போட்டிருக்கும். ஆனால் எண்ணெய், நெய், சர்க்கரை அதிகம் உள்ள பண்டம் தண்ணீரைவிடக் கூடுதலாகச் சூடேறும். அதற்குக் கண்ணாடிதான் நல்லது.

ஆரம்பத்தில் மூடி உள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரமும், கோடில்லாத இரண்டு பீங்கான் கிண்ணமும் போதும். இட்லிக்கு ஓவனுக்கென்றே பிளாஸ்டிக் தட்டு விற்கிறார்கள். நம் வழக்கமான இட்லித் தட்டை வைக்க முடியாது.

ஒரு நிமிஷச் சோதனை

வீட்டில் இருக்கும் பீங்கானோ கண்ணாடியோ ஆகுமா என்று சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள். ஆகும் என்று தெரிந்த ஒரு கப்பில் பாதியளவு தண்ணீர் ஊற்றி ஓவனில் வையுங்கள். பக்கத்தில் சந்தேகப் பாத்திரத்தைக் காலியாக வையுங்கள். ஒரு நிமிஷம் ஓட்டுங்கள். தண்ணீர் சூடாகி, பாத்திரம் ஜில்லென்று இருந்தால் அது ஆகும். பாத்திரம் சூடாக இருந்தால் ஆகாது. கோடு போட்டதையும் உலோகத்தையும் இப்படிச் சோதிக்க வேண்டாம், அவை எப்படியும் ஆகாது.

ஓவனில் ‘கிரில்’, ‘கன்வெக்ஷன்’ என்ற பட்டன்கள் இருந்தால் கவனம். அவை கம்பிச் சூட்டில் வேலை செய்பவை. அப்போது பிளாஸ்டிக் வைத்தால் உருகிவிடும். ஓவனோடு வரும் கம்பி ஸ்டாண்டை அந்த வேலைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்சல் சாப்பாடு

ஓட்டல் பார்சலை அப்படியே உள்ளே வைப்பது பெரிய தப்பு. அதில் அலுமினியத் தாள், பிளாஸ்டிக் கவர், பின் எல்லாம் இருக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருந்தும் சாம்பாரும் சட்னியும் கவரில் வருவதைப் பார்க்கிறோம். எதுவானாலும் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுத்தான் சூடாக்க வேண்டும்.

முட்டை, தண்ணீர், குழந்தையின் பால்

முட்டையை ஓட்டோடு ஒருபோதும் வைக்காதீர்கள். உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். அவித்து உரித்த முட்டையும் அப்படித்தான். வெளியே எடுத்து வாயில் வைக்கும்போது வெடித்து முகம் வெந்தவர்கள் உண்டு. உருளை, சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு வைத்தால் கத்தி முனையால் நாலு இடத்தில் குத்திவிட்டு வையுங்கள். மூடி போட்ட பாத்திரத்தில் மூடியை இறுக்காமல் ஆவி போக வழி விடுங்கள். எடுத்தபின் மூடியை நமக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள்.

வெறும் தண்ணீரை நீண்ட நேரம் வைத்தால் குமிழி வராமலே கொதிநிலையைத் தாண்டிவிடலாம். காபித்தூள் போட்டதும் குபீரென்று கைமேல் பொங்கும். தண்ணீர் வைக்கும்போது மரக்கரண்டி ஒன்றைப் போட்டு வையுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம் பொறுங்கள்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கும் பாலை, பிழிந்து வைத்த தாய்ப்பால் உள்பட, ஓவனில் சூடாக்கவே கூடாது. பாட்டிலைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு பகுதி கொதித்துக்கொண்டிருக்கும். பிள்ளையின் வாயும் தொண்டையும் வெந்துவிடும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி வைத்து, ஆட்டிக் கலக்கி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதே நல்லது.

ஓவனில் எண்ணெய் காய்ச்சிப் பொரிக்க முயற்சி செய்யாதீர்கள். மிளகாய் வறுப்பது, துணி காயவைப்பது எதுவும் வேண்டாம். காலியாகவும் ஓட்டாதீர்கள். அப்பளத்தை எண்ணெய் இல்லாமல் முக்கால் நிமிஷத்தில் சுட்டுக்கொள்ளலாம், அது நன்றாக வரும்.

கரண்ட் விஷயம்

20 லிட்டர் ஓவன் சுமார் 1200 வாட் இழுக்கும். எர்த் உள்ள பெரிய பவர் பிளக்கில்தான் சொருக வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் ஃபிரிட்ஜையும் ஓவனையும் சேர்த்துப் போடாதீர்கள். தினமும் 10 நிமிஷம் ஓட்டினால் மாதம் 6 யூனிட் வரை ஆகும்.

பின்னாலும் மேலேயும் ஒரு சாண் இடம் விடுங்கள். மேலே துணி போட்டு மூடி ஓட்டாதீர்கள். பழைய ஓவன் வாங்கினால் கதவு கோணாமல் சரியாக மூடுகிறதா, வலையில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கதவு கெட்ட ஓவன் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ரிப்பேர் என்று நம் வீட்டுப் பையன்கள் யாரும் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஒரு பாகத்தில் 2000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது உயிரை எடுத்துவிடும். பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே திறக்க வேண்டும்.

தீயோ புண்ணோ வந்தால்

உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். காற்று பட்டால் தீ வளரும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். கதவு மூடியிருந்தால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும்.

ஆவியோ சுடுநீரோ பட்டுவிட்டால், வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். முகம், கை என்றாலோ, குழந்தை என்றாலோ உடனே ஆஸ்பத்திரிதான். 108-ஐக் கூப்பிடுங்கள்.

உறுப்பினர்கள் கேட்பவை

‘ஓவனில் வைத்த சாப்பாட்டில் கதிர் தங்குமா?’ தங்காது. சுவிட்சை அணைத்தால் பல்பு வெளிச்சம் போவது போல அலையும் அந்த நொடியே போய்விடும்.

‘கர்ப்பிணிகள் பக்கத்தில் நிற்கலாமா?’ கதவு நல்ல நிலையில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அவர்கள் பயப்பட வேண்டியது சரியாகச் சூடாகாத மிச்ச உணவுக்கு. நடுவிலும் ஆவி பறக்கச் சூடானதா என்று பார்த்தே சாப்பிட வேண்டும்.

‘ராத்திரி வெளியே இருந்த சோற்றைச் சூடாக்கினால் சரியாகிவிடுமா?’ ஆகாது. அதில் உண்டாகும் ஒருவகை நஞ்சு சூட்டில் போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

‘எப்படிச் சுத்தம் செய்வது?’ ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்டு 3 நிமிஷம் ஓட்டி, சற்று ஆறவிட்டு, பிளக்கைப் பிடுங்கி ஈரத்துணியால் துடையுங்கள். கம்பி நார் போடாதீர்கள்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வைக்கக் கூடாதவை, வைக்கக் கூடியவை என்ற இரண்டு பட்டியலையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஓவன் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாத மாமியாருக்கும், தானே எடுத்துச் சூடாக்கும் பிள்ளைகளுக்கும் பாத்திரத்தைக் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுங்கள். வேலைக்குப் போய் வரும் பெண்ணுக்கு ஓவன் நல்ல துணைதான். பாத்திரம் சரியாக இருந்தால் நம் வீட்டிலும் அது துணையாகவே இருக்கும்.