நோய் அறிகுறி இல்லை... ஆனாலும் சுட்டுக் கொன்றது ஏன்? கனடா நெருப்புக்கோழி விவகாரத்தின் முழுப் பின்னணி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் எட்ஜ்வுட் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள நெருப்புக்கோழிப் பண்ணையில் 2025 நவம்பர் 6-ம் தேதி மாலை துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மறுநாள், அங்கிருந்த 300-க்கும் மேற்பட்ட நெருப்புக்கோழிகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. சுட்டவர்கள், அரசே வரவழைத்த குறிபார்த்துச் சுடும் வீரர்கள்.

காரணம், பறவைக் காய்ச்சல். ஆனா, அந்தப் பண்ணையில் நோயால் பறவைகள் சாவது நின்று பல மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு ஏன் கொல்லணும்? விரிவாகப் பார்க்கலாம்.

என்ன நடந்தது?

பண்ணையின் பெயர் யுனிவர்சல் ஆஸ்ட்ரிச் ஃபார்ம்ஸ். 2024 டிசம்பரில் அங்கே நெருப்புக்கோழிகள் அடுத்தடுத்து இறந்தன. பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவல், கனடா உணவு ஆய்வு முகமைக்குப் போனது. டிசம்பர் 31-ம் தேதி பரிசோதனையில் ஹெச்5என்1 வைரஸ் உறுதியானது. அடுத்த 41 நிமிடத்தில், மொத்த மந்தையையும் அழிக்க உத்தரவு வந்துவிட்டது.

ஜனவரி நடுப்பகுதிக்குள் 69 பறவைகள் இறந்தன. மற்றவை பிழைத்துக்கொண்டன. ‘பிழைத்தவற்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது, கொல்லாதீர்கள்’ என்று பண்ணைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

• 2025 ஜனவரி 31: அழிப்பு உத்தரவுக்கு இடைக்காலத் தடை
• மே 13: ஃபெடரல் நீதிமன்றம் பண்ணையின் மனுவைத் தள்ளுபடி செய்தது
• ஆகஸ்ட் 21: மேல்முறையீட்டிலும் தோல்வி
• நவம்பர் 6: வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுப்பு

நடுவில் அமெரிக்க சுகாதாரத் துறை அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியரும் உள்ளே வந்தார். பறவைகளைக் கொல்லாமல் ஆய்வு செய்யலாம் என்று கனடாவுக்குக் கடிதம் எழுதினார். அதுவும் எடுபடவில்லை.

நெருப்புக்கோழிக்கு பறவைக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்?

பிராய்லர் கோழிப் பண்ணைக்குள் இந்த வைரஸ் புகுந்தால் சில நாட்களில் கொட்டகையே காலி. நெருப்புக்கோழியின் கதை வேறு. குஞ்சுகளும் இளம் பறவைகளும் அதிகமாகச் சாகும். வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் லேசான பாதிப்போடு தப்பிவிடும். பல நேரம் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது.

சிக்கலே இதுலதான் இருக்கு. பார்வைக்கு நன்றாக இருக்கும் பறவையும் எச்சம், மூச்சு வழியாக வைரஸை வெளியேற்றலாம். தென்னாப்பிரிக்க நெருப்புக்கோழிகளிடம் எடுத்த சில வைரஸ்களில், பாலூட்டிகளின் உடலில் பெருக உதவும் மரபணு மாற்றம் இருந்ததை ஆய்வாளர்கள் ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்கள்.

எட்ஜ்வுட்டில் கிடைத்த வைரஸ், கனடாவில் வேறெங்கும் காணாத புதுக் கலவை என்று முகமை சொன்னது. அதோடு, 2024 நவம்பரில்தான் இதே மாகாணத்தில் 13 வயதுச் சிறுமி ஒருவர் ஹெச்5என்1 தொற்றால் உயிருக்குப் போராடி மீண்டிருந்தார். அவரைத் தாக்கியது வேறு வகை என்றாலும், அதிகாரிகளின் பயத்துக்கு அதுவும் பின்னணி.

முட்டையில் அப்படி என்ன இருக்கு?

பெண் நெருப்புக்கோழியின் உடலில் உருவாகும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் முட்டையின் மஞ்சள் கருவுக்குள் போய்ச் சேரும். ஒரு முட்டையே சுமார் 1.4 கிலோ, கிட்டத்தட்ட 24 கோழி முட்டைக்குச் சமம். அதனால் இந்தப் புரதத்தை நிறையப் பிரித்தெடுக்கலாம். ஜப்பானின் கியோட்டோ மாகாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யசுஹிரோ சுகாமோட்டோ, இதை வைத்து முகக்கவசங்கள் வரை உருவாக்கியவர். எட்ஜ்வுட் பண்ணையும் இந்தத் துறையில் இறங்கியிருந்தது. தங்கள் பறவைகள் அறிவியலுக்குப் பொக்கிஷம் என்று அவர்கள் வாதிட்டதும் இதனால்தான்.

ஆனா ஒரு விஷயம். ஆய்வகத்தில் எதிர்ப்புப் புரதம் எடுப்பதற்கு, செயலிழக்க வைத்த கிருமியை ஊசியாகப் போட்டாலே போதும். மந்தைக்குள் உயிருள்ள வைரஸ் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை.

டெஸ்ட் எடுத்துப் பார்த்திருக்கலாமே?

பலரும் கேட்ட கேள்வி இது. டெஸ்டில் இரண்டு வகை உண்டு. பி.சி.ஆர், இப்போது வைரஸ் இருக்கிறதா என்று காட்டும். ரத்தப் பரிசோதனை, முன்பு தொற்று வந்துபோனதா என்று காட்டும். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருப்பதால் மட்டும் பண்ணையே சுத்தம் என்று அர்த்தம் இல்லை. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வைரஸ் தங்கலாம். திறந்தவெளி என்பதால் காட்டு வாத்துகளும் வந்து போகும்.

முகமை மறுபரிசோதனைக்குச் சம்மதிக்கவே இல்லை. ஒரு பண்ணையில் தொற்று உறுதியானால் மந்தை மொத்தத்தையும் அழிப்பதுதான் அதன் கொள்கை. இதுக்குப் பின்னால் வணிகமும் இருக்கு. உலக விலங்கு நல அமைப்பின் விதிப்படி, மந்தையை அழித்து, கிருமி நீக்கம் முடித்து, குறைந்தது 28 நாள் கழிந்த பிறகு ‘நோயற்ற பகுதி’ என்று மறுபடியும் அறிவிக்கலாம். கோழி, முட்டை ஏற்றுமதிக்கு அந்த அந்தஸ்து முக்கியம். அழிக்கப்படும் நெருப்புக்கோழி ஒன்றுக்கு அதிகபட்சம் 3,000 கனடா டாலர் இழப்பீடு உண்டு.

இந்த அனுபவம் தென்னாப்பிரிக்காவுக்குப் பழசு. உலகின் நெருப்புக்கோழித் தொழிலுக்குத் தலைநகரமான ஔட்ஸ்ஹூர்ன் பகுதியில் 2011-ல் ஹெச்5என்2 பரவியது. பல்லாயிரம் பறவைகள் அழிக்கப்பட்டன. ஐரோப்பாவுக்குப் பச்சை இறைச்சி ஏற்றுமதி நின்றுபோனது. சூடாக்கிப் பதப்படுத்திய இறைச்சியை அனுப்பித்தான் தொழில் மூச்சுவிட்டது.

கோர்ட் என்ன சொன்னது?

பறவைகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்ததா, இல்லையா என்ற அறிவியல் கேள்விக்குள் நீதிபதிகள் போகவில்லை. முகமையின் முடிவு சட்டத்துக்கு உட்பட்டதா, நியாயமானதா என்று மட்டும் பார்த்தார்கள். ‘ஆம்’ என்றார்கள்.

சட்டப்படி வழக்கு முடிந்துவிட்டது. ஆனா, தொற்றிலிருந்து மீண்டு பத்து மாதம் வாழ்ந்த ஒரு மந்தையின் உடலில் வைரஸ் மிச்சம் இருந்ததா, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு நாள் நின்றது என்பதைச் சொல்ல இப்போது அந்த மந்தை இல்லை. கோழிக்காக எழுதிய விதி, கோழியைப் போல் சாகாத பறவைக்கும் அப்படியே பொருந்துமா? அடுத்த பண்ணையில் தொற்று வரும்போது இந்தக் கேள்வி மறுபடியும் வரும்.