மழுங்கிய அலகை வீசிவிடாதீர்கள்

ஊர் திரும்பிய குடும்பம் கதவுக்குப் பிணைச்சல் பூட்டவும், நீரிறைக்கும் இயந்திரத்தைச் சட்டத்தில் இறுக்கவும் துளை போட்டாக வேண்டும். துளைபோடும் கருவியை அயலாரிடம் இரவல் வாங்கலாம். ஆனால் அதிலுள்ள அலகு, அதாவது ட்றில் பிற், மழுங்கியிருக்கும். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் புதிய அலகு வாங்குவது இலேசான காரியமல்ல. வீசப்படும் அலகுகள் பலவற்றில் முனை மட்டுமே தேய்ந்திருக்கும்.

சாணை பிடிக்கவென்றே இயந்திரங்கள் உண்டு. அலகைச் செருகினால் கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். சங்கம் ஒன்று வாங்கிப் பொதுவில் வைக்கலாம். தனிக் குடும்பத்துக்கு அது வீண் செலவு என்பதே எமது எண்ணம். சாணைக்கல் போதும், கையால் சுற்றுவதானாலும் சரி.

இரும்பு துளைக்கும் சாதாரண அலகின் முனைக் கோணம் 118 பாகை. அளக்கப் பாகைமானி வேண்டாம். ஒரே அளவான இரண்டு அறுகோண நற்றுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வையுங்கள். இடையில் விழும் பள்ளம் 120 பாகை. முனை அதில் பொருந்தினால் போதும்.

வெட்டும் விளிம்பு மேற்புறமாகக் கிடையாக இருக்க, அலகைக் கல்லுக்குச் சரிவாகப் பிடியுங்கள். விளிம்பு கல்லில் பட்டதும் அலகின் அடிப்பக்கத்தை மெல்லத் தாழ்த்துங்கள். இதனால் விளிம்பின் பின்புறம் சற்றுச் சரியும். இந்தச் சரிவு இல்லாவிடில் அலகு உராயுமே தவிர வெட்டாது. புதிதாகப் பழகுவோர் தவறுவது இங்கேதான். பின் அரைச்சுற்றுத் திருப்பி, மறு விளிம்பையும் அதே அளவு தீட்டுங்கள். ஒன்று நீண்டுவிட்டால் துளை பெருத்துவிடும், போல்ற் ஆடும்.

சாதாரண உருக்கு அலகு நீலம் பாரித்தால் அதன் கடினம் போய்விட்டது. எனவே அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக்கொள்ளுங்கள். எச்.எஸ்.எஸ். என்று பொறித்த அலகு கூடுதல் சூடு தாங்கும். ஆனால் கடுஞ்சூட்டில் தண்ணீரில் போட்டால் நுண்ணிய வெடிப்பு விழும். காற்றில் ஆறவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். கையுறை வேண்டாம், கல் இழுத்துவிடும். சேலைத் தலைப்பையும் சால்வையையும் செருகிக்கொள்ளுங்கள்.

தீட்டியபின் இரும்பில் துளைத்துப் பாருங்கள். இரு பள்ளங்களிலும் இரும்புச் சுருள் சமமாக வந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் வந்தால் மறு விளிம்பு வெட்டவில்லை; மீண்டும் தீட்டுங்கள்.

பழகுவதற்கு 10 மில்லிமீற்றர் அளவுள்ள பழைய அலகு நல்லது. துளைத்துப் பழக, கடையில் வாங்கிய தகட்டுத் துண்டை எடுங்கள். காணியில் மண்ணுக்குள் கிடக்கும் இனந்தெரியாத இரும்பைத் துளைக்கவோ தட்டவோ தொடவோ வேண்டாம். இடத்துக்கு அடையாளம் வைத்து விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.